சிவப்பு, சிவப்பு, கபிலம்

என் கணவரின் கம்ப்யூட்டரை விற்கப் போனபோது நான் ஒரு பிடிவாதத்தோடுதான் போனேன். வாங்குகிறவர் முதலில் அதைத் திறந்து பார்த்து, கணவர் செய்தது நல்ல வேலைதான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு ஒரு ஆணிகூடக் கொடுப்பதில்லை என்று நினைத்திருந்தேன்.

கம்ப்யூட்டர் என்றதும் இன்றைய பிள்ளைகள் மடியில் வைத்திருக்கும் சாமானை நினைக்க வேண்டாம். லண்டனிலிருந்து வந்த நண்பர் ஒருவர், அங்கே பழசாகிவிட்டது என்று கொடுத்துவிட்டுப் போன ஒரு பெட்டி. உள்ளே துளைகள் நிறைந்த ஒரு பலகை, மட்டத்தேள் பூச்சி போல இரண்டு பக்கமும் கால் முளைத்த கறுப்புச் சில்லுகள், சின்னப் பைகளில் ரெசிஸ்டர் என்கிற நூற்றுக்கணக்கான மின்தடைகள், எழுத்துத் தட்டும் விசைப்பலகை, வயர்கள், தடித்த புத்தகம் ஒன்று. புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பலகையில் குத்தி ஈயத்தால் ஒட்ட வேண்டும். முடித்தால் டி.வி.யில் எழுத்து வருமாம். எங்களிடம் டி.வி. இல்லை. கிளிநொச்சியில் அப்போது கரண்டும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இவர் அதன்முன் குந்திவிடுவார். "மாஸ்டர், எப்ப குஞ்சு பொரிக்கும்?" என்று வேலிக்கு அப்பால் நின்று கேட்பார்கள். இவர் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவருக்கு ஒரு குறை இருந்தது. நிறக்குருடு. சிவப்பு, பச்சை, கோப்பிக்கொட்டை நிறக் கபிலம் மூன்றும் இவருக்கு ஒன்றுதான். எனக்குக் கொண்டுவந்த கூறைச் சேலை என்ன நிறமென்று அறியாமலே தாலி கட்டிய மனிதர். அந்தத் தடைகளோ அரிசியளவு. அவற்றின் உடம்பில் உள்ள நிறக் கோடுகளை வைத்துத்தான் எது எங்கே போகும் என்று பிரிக்க வேண்டும். அளக்கும் மீற்றர் ஒன்று இருந்தது. அதற்குப் போடும் சின்னப் பற்றரிகளை ஆமிக்காரர் வன்னிக்குள் வர விடமாட்டார்கள். ஆகவே என் கண்தான் இவருக்கு மீற்றர். "இஞ்சாரும், இது என்ன நிறம்?" என்பார். சிவப்பு, சிவப்பு, கபிலம் என்று வாசிப்பேன். மறுபேச்சில்லாமல் ஒட்டுவார். எங்கள் கலியாண வாழ்க்கையில் நாங்கள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் அந்த நேரங்களில்தான்.

ஒருமுறை ஈயம் முடிந்துவிட்டது. துணி துவைக்கும் சவர்க்காரமும் கண்ணில் காணக் கிடைக்காத காலம். நான் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த கடைசி இரண்டு கட்டிகளை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு சுருள் ஈயத்தோடு வந்தார். மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் கிணற்றடியில் சவர்க்காரத்துக்குப் பதில் பனங்களியைப் போட்டு அவருடைய சேட்டைத்தான் கும்மிக்கொண்டிருந்தேன். மெல்ல வந்து கையை நீட்டினார்.

"இஞ்சாரும், சிவப்பு, சிவப்பு, கபிலந்தானே?"

"ஓம்," என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதற்பகுதி முடிந்ததும் ஒரு சோதனை. பலகையின் மூலையில் குன்றிமணியளவு விளக்கு ஒன்று எரிய வேண்டும். எரிந்தால்தான் அடுத்த பகுதிக்குப் போகலாம். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோ வயரைப் பலகையில் கொடுத்தார். நான் பெடலைக் கையால் சுற்றினேன். அது எரியவில்லை. தோள்மூட்டு கழன்றுவிடும்போல் இருந்தது, அப்போதும் எரியவில்லை.

"நிறங்களை ஒருக்கா முதலிலையிருந்து வாசிச்சுப் பாப்பமே?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏன், நான் பிழையாச் சொன்னனானோ?"

"சீச்சீ, அப்பிடியில்லை. என்ரை கைதான் எங்கையோ பிழைச்சிருக்கும்."

பிறகு அவர் கேட்கவே இல்லை. ஒட்டியதையெல்லாம் இளக்கி மறுபடி ஒட்டினார். அதன்பிறகும் எரியவில்லை. ஷெல்லடிக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு ஓடியபோது சட்டிபானைக்கு இருந்த இடத்தில் அந்தப் பெட்டியைத்தான் சைக்கிள் கரியரில் கட்டினார். புதுக்குடியிருப்பில் ஒரு கொட்டிலில் இருந்தும் ஒட்டினார். அங்கேதான் மலேரியா வந்து மூளையில் ஏறியது. ஐந்தே நாள்தான் இருந்தார். காய்ச்சல் சற்று விட்ட ஒரு காலையில், "என்ரை கை உதவாத கை," என்று என்னிடம் சொன்னார். நான் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுவருடம் வவுனியாவில் இருந்த அக்காவிடம் போக எனக்கு வன்னியை விட்டு வெளியேறும் பாஸ் கிடைத்தது. வயரும் சில்லும் நிறைந்த பெட்டியோடு எந்தச் சோதனைச் சாவடியைத் தாண்டுவது? அதனால்தான் விற்கப் புறப்பட்டேன். முதலில் கேட்டவர் வயர் மட்டும் போதும் என்றார். பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்து, சந்தைக்குப் பக்கத்தில் ரேடியோ திருத்துகிற அண்ணையிடம் போனேன்.

"கழட்டித்தான் தங்கச்சி பாவிக்கலாம். முழுசா வைச்சு என்ன செய்யிறது?"

"கழட்டுறதெண்டாலும் முதலிலை பாருங்கோ. என்ரை மனுசன்ரை வேலை எப்பிடியெண்டு சொல்லுங்கோ."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

"இந்தா. இதிலை மூண்டாங் கோடு கபிலமா நிக்கவேணும். நிக்கிறது பச்சை. ஐயா நிறத்தை மாறிப் பாத்திட்டார் போலை."

எனக்கு அந்தக் கிணற்றடியும் பனங்களி நாற்றமும் நினைவுக்கு வந்தன. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு என்ன மட்டு என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

அண்ணை சிரட்டைக்கரியில் ஈயக்கோலைச் சூடாக்கி, அதைக் கழற்றித் தன் தகரப் பேணியிலிருந்து வேறொன்றை ஒட்டினார். கடை வாசலில் நின்ற சைக்கிளின் டைனமோவிலிருந்து வயரைக் கொடுத்தார். "சுத்துங்கோ," என்றார். பெடலைச் சுற்றினேன். மூலையில் சிவப்பாக எரிந்தது.

"எவ்வளவு துப்புரவான வேலை," என்றார் அண்ணை. "இதைக் கழட்ட மனம் வராது. இப்பிடியே வைச்சிருக்கிறன். பாவம், ஐயா விட்டது இந்த ஒரு பிழைதான்."

நான் கேட்க வந்த வார்த்தை அதுதான். அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் அப்படியே விட்டுவிட்டு நான் வவுனியாவுக்குப் போயிருக்கலாம்.

"அவர் விடேல்லை அண்ணை," என்றேன். "அவருக்கு நிறம் தெரியாது. நான்தான் பாக்காமல் சொன்னனான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"காணும் தங்கச்சி, கையை எடுங்கோ. அதுதான் எரியுதே."

கையை எடுத்தால் அது அணைந்துவிடும். இன்னும் கொஞ்சம் சுற்றினேன்.