சீதன வீட்டுக்கு ஓடு

ஸ்காபரோவில் எங்கள் மோர்னிங்சைட் வீட்டுக் கூரை இரண்டாவது பனிக்காலம் முடிந்ததும் ஒழுகத் தொடங்கியது. பழைய வீட்டை வாங்கினால் இப்படித்தான். அந்தத் தெருவில் எல்லார் கூரையிலும் சிங்கிள்ஸ்தான். தாரில் தோய்த்த சின்னச் சின்னத் தகடுகள். பழசைக் கழற்றிப் புதிதாக அடித்தால் இருபது வருடம் நிற்கும் என்றார்கள். வேலை அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து என்னவருடைய தமையனார் அமெரிக்காவிலிருந்து ஒரு படம் அனுப்பினார். அவர் இருந்தது மலைமேட்டில், பாலைவனத்துக்கு நடுவே ஒரு நகரத்தில். படத்தில் அவருடைய புது வீடு, மேலே செக்கச்செவேல் என்று ஓடு. என்னவர் உடனே போன் போட்டு விலை விசாரித்தார். ஓடு ஐம்பது வருடம் நிற்குமாம். அவர் போனை வைத்த விதத்திலேயே என் திட்டம் கவிழப்போகிறது என்று விளங்கிவிட்டது.

ஏனென்றால், சொந்தக்காரர்களோடு சேர்ந்து மாதாமாதம் நாங்கள் கட்டிவந்த சீட்டு அந்தக் கோடையில் எங்கள் கைக்கு வர இருந்தது. சிங்கிள்ஸ் அடித்து மிஞ்சுகிற காசில் நான் கொலிஜில் கணக்கியல் படிப்பது என்று பேச்சு. பிஸ்கட் பக்டரியில் பெட்டி ஒட்டி ஒட்டி எனக்குத் தோள்மூட்டே கழன்றுபோயிருந்தது.

"இப்ப என்னத்துக்கு ஓடு?" என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு இப்ப ஆறு வயசு. சிங்கிள்ஸ் இருபது வருசம். அவளுக்குக் கலியாணம் பேசுற நேரம் பாத்துக் கூரை போயிடும். ஒழுகுற வீட்டையே சீதனமாக் குடுக்கிறது? நீர் யோசிச்சுப் பாரும்."

பிள்ளை முன்பல் விழுந்த வாயைத் திறந்தபடி கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஸ்காபரோவில் வந்து இறங்கி, அண்ணாந்து கூரையைப் பார்ப்பதை நினைத்து நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்களில் பெண் பிறந்தால் தகப்பன் வீடு கட்டத் தொடங்கிவிடுவான். அந்த வியாதி எங்களோடு பிளேன் ஏறி வந்திருந்தது.

கூரை வேலை செய்கிற போர்த்துக்கீசர் ஒருவர் வந்து, உள்ளே ஏறி மரங்களைத் தட்டிப் பார்த்தார். பாலைவனத்தில் ஓடு வெயிலைத் தாங்கினால் போதும். இங்கே ஓட்டின் பாரத்தோடு பனியின் பாரமும் சேரும், இந்த மரம் தாங்காது என்றார். மரத்தைப் பலப்படுத்தித்தான் ஓடு போடலாம். செலவு தமையனாருடையதைப்போல இரண்டு மடங்கு. அப்பாடா, விட்டது சனி என்று இருந்தேன்.

"சீட்டுக்காசை முழுசாப் போட்டால் சரிவரும். உம்மட படிப்பைப் பிறகு பாப்பம்" என்றார் இவர், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு.

எனக்கு ஆத்திரம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

"இஞ்சருங்கோ, எனக்கும் ஓட்டு வீடுதானே சீதனம்? கொழும்பில கணக்கியல் படிக்க எனக்கு இடம் கிடைச்சது. அப்பா விடேல்லை. அந்தக் காசிலதான் வீட்டுக்கு ஓடு போட்டவர். இப்ப அதுக்குள்ள ஆமிக்காரன் முகாம் போட்டிருக்கிறான். வீட்டைத் தூக்கிக்கொண்டு வரேலாது. படிச்சிருந்தால் அது என்னோட வந்திருக்கும்."

இவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். இவ்வளவும் அப்பாவிடம் சொல்லியிருக்கவேண்டியது. எனக்குக் கலியாணம் பேசிய நாட்களில் வாய் வரவில்லை. அப்பாவும் போய்விட்டார். இத்தனை வருடம் கழித்து, ஆள் மாறி, இவரிடம் கொட்டியிருந்தேன். பாவமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

அவர் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"உம்மட வகுப்பு எத்தினை மணிக்கு முடியும்? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால நான் கூட்டிக்கொண்டு வாறன்."