மகள் இல்லாதவர்களின் கையெழுத்து

"வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் காரணம் காட்டி எழுத்து மூலம் கோரினால், செயற்குழு முப்பது நாளுக்குள் சிறப்புப் பொதுக்கூட்டத்தைக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டம் நடந்து முடியும் வரை, கோரிக்கையில் சொல்லப்பட்ட விஷயத்தில் செயற்குழு எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது."

எங்கள் கிளப்பின் பதினேழாம் விதி இது. முதல் வாக்கியம் என்னைப் போன்றவர்களுக்காக எழுதப்பட்டது என்பது எனக்கு எப்போதும் தெரியும். இரண்டாவது யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஆடியிலிருந்து தை வரை ஆயிற்று.

கிளப் தலைநகரின் தமிழர் பேட்டையான பிரிக்பீல்ட்ஸில், தண்டவாளத்தை ஒட்டிய சாலையில் இருந்தது. கீழே பெரிய கூடம், பின்னால் ஒரு டென்னிஸ் திடல், மாடியில் வரிசையாக அறைகள். மாற்றலாகி வரும் கல்யாணமாகாத அரசாங்கக் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள், தங்குவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. கிராணிகள் ஒவ்வொருவராகக் கல்யாணம் செய்துகொண்டு செராஸிலும் சுங்கை பூலோவிலும் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். எண்பதுகளின் இறுதியில் மாடியில் மிஞ்சியவர் ஒரே ஒருவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் தம்பி என்று யாரும் இல்லாததாலோ என்னவோ, கிளப்பில் எல்லாரும் அவரை அண்ணன் என்றே அழைத்தோம். அவருடைய அறையில் ஒரு கட்டிலும் ஒரு வானொலியும் மண்ணெண்ணெய் அடுப்பும் இருந்தன. சரக்கு ரயில் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்.

அந்த வருடத்து ஆண்டுக் கூட்டத்தில் வழக்கம்போல வரவு செலவுத் தாளை வாசலில் கொடுத்தார்கள், முடிந்ததும் வாசலிலேயே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பரீட்சை மண்டபத்தில்கூட வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோக விடுவார்கள். கூடத்து வாடகை வருமானம் 'இதர வரவு' என்ற தலைப்பில் ஒரு வரியாக முடிந்திருந்தது. நான் எழுந்து கேட்டேன். தலைவர் கைகூப்பிச் சிரித்து, "பார்த்துக்கலாம்" என்றார். அவர் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை, இல்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கூட்டம் முடியும் தறுவாயில் செயலாளர் ஓர் அறிவிப்பை வாசித்தார். மாடி முழுவதும் ஒரு கம்ப்யூட்டர் கல்லூரிக்கு வாடகைக்கு விடப்படுகிறது. ஜனவரியில் வகுப்பு தொடங்கும். முன்பணம் வாங்கியாகிவிட்டது. வருடக் கடைசிக்குள் அண்ணன் காலி செய்ய வேண்டும்.

பொதுக்கூட்டத்தைக் கேட்காமல் கட்டடத்தை வாடகைக்கு விட முடியாது என்பது வேறொரு விதி. அதையும் எழுந்து சொன்னேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. கைதட்டியவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள் என்று நம்பினேன்.

இருபது கையெழுத்து தேவை. மனுவைத் தட்டெழுதினேன். இரண்டே கோரிக்கைகள்: மாடியை வாடகைக்கு விடுவது பற்றிப் பொதுக்கூட்டம் முடிவு செய்யட்டும், கணக்கை உறுப்பினர் முன் வைக்கட்டும். முதல் கையெழுத்துக்கு செராஸுக்கு பஸ் ஏறினேன். கூட்டத்தில் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர் வீடு. அவர் மனுவை இரண்டு முறை படித்தார், ஓர் இடத்தில் கமாவைச் சரிசெய்தார், பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். அவர் மனைவி டீயோடு வந்தார்.

"அண்ணே, ஆவணிக்கு ஹால் கேட்டிருக்கோம். அது முடியட்டும், எத்தனை கையெழுத்து வேணும்னாலும் போடச் சொல்றேன்."

கையெழுத்துப் போட்டதற்காக ஹாலை யாரும் மறுக்கமாட்டார்களே என்றேன்.

"உங்களுக்கென்ன. ரெண்டு பொண்ணையும் அந்த ஹால்லயே கட்டிக் குடுத்தாச்சு" என்றார். முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். முறுக்கு நன்றாக இருந்தது.

இதை விளங்கச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் கல்யாணச் செலவு பெண் வீட்டாருடையது. பிரிக்பீல்ட்ஸில் கோயிலுக்குப் பக்கத்தில், கார் நிறுத்த இடத்தோடு, உறுப்பினர் விலைக்குக் கிடைக்கிற கூடம் எங்கள் கிளப்புடையது. முகூர்த்த நாட்களோ வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் எண்ணி வைத்தாற்போல் சில. எந்த நாள் யாருக்கு என்பதைத் தலைவர் எங்கேயும் எழுதி வைப்பதில்லை. பஞ்சாங்கம் அவர் தலைக்குள் இருந்தது. கணக்குக் கேட்டவனுக்கு நாள் கிடைக்காது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிக் கேட்டவன் வீட்டுக் கல்யாணத் தேதியில்தான் கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்தேன். நான் நேர்மையானவர்களைத் தேடிப் போயிருக்கிறேன். தேட வேண்டியது மகள் இல்லாதவர்களை.

அதற்கு உறுப்பினர் பட்டியல் பயன்படாது, என் மனைவி வேண்டும். யார் வீட்டில் எத்தனை பிள்ளை, எது கட்டிக் கொடுத்தது, எதற்கு ஜாதகம் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன்.

"பந்திங்ல எஸ்டேட் ஆஸ்பத்திரியில டிரஸ்ஸரா இருந்தாரே, அவருக்கு மூணும் பையன். கிள்ளான்ல ஒருத்தர், பொண்ணு லண்டன்ல வெள்ளைக்காரனைக் கட்டிக்கிச்சு. அவர் நிச்சயமா போடுவார், இனி யாருக்கு பயப்படணும்?"

கிள்ளான்காரர் அப்படியே போட்டார். அந்தக் கல்யாணம் நடந்தபோது கிளப்பில் அவரோடு யாரும் சரியாகப் பேசவில்லை. இப்போது அவர்தான் எங்களில் மிகச் சுதந்திரமானவர். பந்திங்கில் ஓய்வுபெற்ற எஸ்டேட் டிரஸ்ஸர் மோட்டார் சைக்கிள் இருக்கையில் தாளை விரித்து, படிக்காமலே கையெழுத்திட்டார். சுங்கை பூலோவில் ஒரே மகன் உள்ளவர் போட்டுவிட்டு, அடுத்த வாரம் தொலைபேசியில் அழைத்தார்.

"என் கையெழுத்தை எடுத்திடுங்க. பையன் ஒரு பொண்ண லவ் பண்றான் லா. விசாரிச்சா, அந்தப் பொண்ணோட அப்பாவும் நம்ம கிளப் மெம்பர்."

காதலுக்கு எந்த விதியிலும் இடமில்லை. அவர் பெயரை அடித்துவிட்டு வேறொருவரைத் தேடினேன். கடைசியாக, இருபதாவது கையெழுத்துக்கு, அண்ணனிடம் போனேன். அவர் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். அடுப்பைத் தணித்துவிட்டுக் கையெழுத்திட்டார். தன்னைக் காப்பாற்றச் சொல்லி எழுதியதில் தானே கையெழுத்திடுவது நாகரிகமா என்று மட்டும் கேட்டார். உறுப்பினர் என்ற முறையில் உரிமை உண்டு என்றேன். "நீங்க சொன்னா சரி, கிராணியாரே" என்றார். அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிராணியாக ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பெயரை அவர் விடவில்லை.

ஆடி மாதம் மனுவைக் கொடுத்தேன். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆகவே தலைவருக்குப் படிக்க நேரம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஒரு படியைக் கையில் கொடுத்து ஒப்பம் வாங்கினேன், இன்னொன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

முப்பது நாள் போயிற்று. பதில் இல்லை.

பதில் வராத கடிதம் என்பது எனக்கு உடம்பில் தைத்த முள் மாதிரி. பணியில் இருந்த காலமெல்லாம் என் மேசையிலிருந்து ஒரு கடிதமும் பதில் இல்லாமல் போனதில்லை. மறுப்பாக இருந்தாலும் போகும். தபால்காரரின் மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பும் சத்தத்துக்கு எழுந்து வாசலுக்குப் போவேன். மின்சார பில் வரும். தங்கையின் கடிதம் வரும். மதியம் இரண்டாவது தடவை பெட்டியைத் திறந்து பார்ப்பேன். நம் தெருவுக்கு ஒரு தபால்தானே என்று மனைவி கேட்பாள். தெரியும் என்பேன். நினைவூட்டல் ஒன்றைத் தட்டெழுதி, 'கடும் அதிருப்தி' என்ற சொல்லைச் சேர்த்து, அண்ணனிடம் காட்டக் கொண்டுபோனேன்.

அவர் அதை வாங்கவில்லை. கல்லூரிக்காரர்கள் இரண்டு தடவை அளவுநாடாவோடு வந்து அறைகளை அளக்கக் கேட்டார்களாம். செயலாளர் கீழேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டாராம். மனு நிலுவையில் இருக்கும்போது மாடியில் கைவைத்தால் வழக்கு வரும் என்று கிளப்பின் வக்கீல் சொல்லியிருக்கிறார். கூட்டம் போட்டால் கணக்கைக் காட்ட வேண்டும். போடாவிட்டால் மாடியைக் கொடுக்க முடியாது. தலைவருக்கு இரண்டு பக்கமும் கதவு அடைத்திருந்தது. அதை அண்ணன் என்னைவிட நிதானமாகக் கவனித்திருந்தார்.

"அத அனுப்பாதீங்க" என்றார்.

ஏன் என்றேன்.

"பதில் வந்தா கூட்டம் வரும். கூட்டம் வந்தா ஓட்டு வரும். யாரு ஓட்டுப் போடுவா? பொண்ணு வச்சிருக்கறவன்." ஒரு சரக்கு ரயில் வந்தது. அது போகும் வரை காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தார். "பதில் வராத வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். எனக்கு வேற எங்க போகத் தெரியும், சொல்லுங்க?"

கணக்குக் கேள்வி என்ன ஆவது என்று கேட்க வாயெடுத்தேன். கட்டிலின் காலுக்கடியில் வைத்திருந்த மரத்துண்டைப் பார்த்தேன். தரை சாய்வுக்கு ஏற்ப அவரே வெட்டி வைத்தது. நினைவூட்டலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு நினைவூட்டல் தட்டெழுதினேன். அனுப்பவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். எல்லாம் மேசை இழுப்பறையில் வரிசையாகக் கிடந்தன; அண்ணனிடம் மட்டும் சொல்லியிருந்தேன். சாயங்காலம் நடக்கப் போனால் கால்கள் தாமாகவே கிளப் பக்கம் திரும்பும். மாடி ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். எரிந்தால் நிம்மதி, அதே நேரம் எரிச்சல். அந்த விளக்கு எரிகிறதென்றால் கணக்கை இன்னும் யாரும் காட்டவில்லை என்றும் பொருள்.

ஆவணியில் செராஸ் ஆசிரியரின் மகள் கல்யாணத்துக்குப் போனேன். கூடம் நிறைந்திருந்தது. கூரை ஒழுகும் இடத்தில் மாலைத் தோரணம் கட்டி மறைத்திருந்தார்கள். தலைவர் முன்வரிசையிலிருந்து எழுந்து என்னிடம் வந்தார், கையில் பாதி லட்டு.

"உங்க லெட்டர் மறக்கல. பார்த்துக்கலாம்."

"அவசரமில்லைங்க" என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, லட்டு மட்டும் வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. கணக்குக் கேட்டுக் கத்துகிறவனை அவருக்குச் சமாளிக்கத் தெரியும். அவசரமில்லை என்கிறவனை என்ன செய்வது என்று எந்த வருடத்திலும் யாரும் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். பதிலுக்குக் காத்திருந்த அந்த நாட்களில் அன்று மட்டும் எனக்கு நன்றாகப் பசித்தது.

வருடக் கடைசி வந்தது. அண்ணன் பெட்டி கட்டவில்லை, யாரும் கட்டச் சொல்லவும் இல்லை. ஆனாலும் டிசம்பர் முழுவதும் அவர் வெளியே எங்கும் போகவில்லை. திரும்பி வரும்போது பூட்டு மாற்றியிருந்தால் என்ன செய்வது என்ற பயம். நான்தான் ரொட்டியும் முட்டையும் பால் டின்னும் வாங்கிக்கொண்டு போனேன். ஜனவரியில் ஒருநாள் எதிர்வரிசைக் கடைவீட்டு மாடியில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. கம்ப்யூட்டர் கல்லூரி அங்கே வகுப்பைத் தொடங்கிவிட்டது. அண்ணன் ஜன்னலில் நின்று மாணவர்கள் படியேறுவதை வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே இறங்கி, கடைக்குப் போய்த் தானே முட்டை வாங்கி வந்தார்.

பதில் அதற்குப் பிறகுதான் வந்தது. நான்கு வரி. மாடியை வாடகைக்கு விடும் பேச்சு இப்போது எழாததால் தங்கள் மனு முடிந்ததாகக் கருதப்படுகிறது, தலைவர் தம் நன்றியைத் தெரிவிக்கிறார். கணக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. படியில் நின்றபடியே படித்துவிட்டு நேராக கிளப்புக்கு நடந்து மாடி ஏறினேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"ரெண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையே" என்றார்.

இல்லை என்றேன்.

"அப்ப அந்த நினைவூட்டல் எல்லாத்தையும் எடுங்க, கிராணியாரே. கையெழுத்துப் போட நான் இருக்கேன்ல."

அன்று மாலையே இழுப்பறையில் இருந்தவற்றில் கடுமையானதைத் தேர்ந்தெடுத்து, தேதியை மட்டும் மாற்றினேன். கடிதத்தின் 'பார்வை' வரியில், வழக்கப்படி, தங்கள் பதில் கிடைத்த நாளைக் குறித்தேன்: தைப்பூசத்துக்கு மறுநாள்.