கம்மல் கழற்றிய நாள்

கழுகுமலை பஸ்ஸில் போய்ப் பாதி வழியில் இறங்கி, கரிசல் காட்டுக்குள் ஒன்றரை மைல் நடந்தால் அந்த வீடு. ஓடு வேய்ந்த நீளமான வீடு. பெண்களுக்குக் கிழக்கு வாசல், ஆண்களுக்கு மேற்கு வாசல். கல்யாணம் கிடையாது, நகை கிடையாது. பகலில் பருத்திக் காட்டில் வேலை, வெயில் ஏறினால் தீப்பெட்டி ஒட்டுவது, சாயங்காலம் ஆராதனை. இரண்டு பக்கமாக நின்று உடம்பு நடுங்க நடுங்க ஆடுவார்கள். எங்கள் வேதக்கோயிலில் அதைக் 'குலுக்குச் சபை' என்று கேலி பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன். எழுபத்தெட்டில் என் ஒரே மகள் டீச்சர் டிரெயினிங் முடித்த கையோடு அங்கே போய்ச் சேர்ந்தாள்.

அவள் அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கோவில்பட்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகை வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. மார்கழிப் பனி ஆகாது, பஞ்சுத் தூசி ஆகாது. அந்தப் பிள்ளை பஞ்சுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

மாதம் ஒரு தடவை பார்க்கலாம். அந்த வீட்டை நடத்தும் மூத்த சகோதரி கூடவே இருப்பார். அவர் முன்னால் என் மகள் என்னைச் 'சகோதரி' என்பாள். முதல் தடவை கேட்டபோது யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அந்த மார்கழிக்கு நானே ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொண்டுபோனேன். அடுத்த மாதம் போனால் அதை வேறொரு பெண் போட்டுக்கொண்டு கிணற்றடியில் நிற்கிறாள்.

"ஏட்டி, ஒனக்குப் பின்னுனத அவ போட்டிருக்காளே!"

"துணியெல்லாம் ஒண்ணாத்தான் தொவைப்போம், ஒண்ணாத்தான் மடிச்சு வைப்போம். யாருக்குக் குளுருதோ அவ எடுத்துப் போடுவா."

"ஒனக்குக் குளுரலியாக்கும்?"

"நீங்க பின்னுன அளவுக்கு என்னை மாதிரி ரெண்டு பேரு உள்ள போவலாம்," என்று சிரித்தாள். சிரிப்பின் முடிவில் நெஞ்சில் விசில் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கே முதல் ஒரு வருடம் விருந்தாளிக் கணக்கு. வருடம் முடிந்ததும் ஒரு நாள் குறிப்பார்கள். அன்று தாய் வந்து, தன் கையாலேயே மகளின் கம்மலைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு அவள் அந்த வீட்டுப் பெண். மூத்த சகோதரி இதைச் சொன்னபோது எனக்கு உயிர் வந்தது. தாய் கை வேண்டுமென்றால், தாய் போகாவிட்டால் காரியம் நடக்காது. இவ்வளவுதான் யோசித்தேன். ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை.

அந்த நாள் காலையில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வரை போனேன். மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மூன்று கழுகுமலை பஸ்ஸை விட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கு உலை வைத்தேன். சாயங்காலத்துக்குள் பெட்டியோடு வந்து நிற்பாள் என்று நம்பினேன். அந்தச் சோற்றுக்கு ராத்திரி தண்ணீர் ஊற்றினேன்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். மகளுக்கு வெள்ளைச் சேலை, மூளிக் காது. மூத்த சகோதரி தாளில் மடித்த கம்மலை என் கையில் வைத்தார்.

"மத்தியானம் வரைக்கும் ஆரம்பிக்கவே இல்ல, சகோதரி. நீங்க வருவியன்னு பிள்ள கெழக்கு வாசல்லயே நின்னா."

"தாய் இல்லாம எப்படிக் கழத்துனிய?"

"இங்கன எல்லாருக்கும் எல்லாரும் தாய்தான? நான் கழத்துனேன்."

ஸ்வெட்டர் எனக்கு முன்பே சொல்லியிருந்தது. டீச்சராக இருந்தும் நான் படித்துக்கொள்ளவில்லை.

அவர் குரலில் குத்தல் இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார்: "நீங்க வந்து, கழத்த மாட்டேன்னு நின்னிருந்தா, அன்னைக்கே ஒங்க கூட அனுப்பியிருப்போம். போன வருசம் ஒரு அம்மா அப்படித்தான் கூட்டிட்டுப் போனாவ. வராதவியளுக்குச் சம்மதம்னுதான் நாங்க எடுத்துக்கிடுவோம்."

அதற்குப் பிறகு ஏழு வருடமாக மாதம் தவறாமல் போகிறேன். அந்தக் கிழக்கு வாசலைத் தாண்டும்போது இன்றும் கால் ஒரு கணம் நிற்கிறது.

போன மாதம் மூத்த சகோதரி காய்ச்சலில் படுத்திருந்தார். நானும் மகளும் தனியாக இருந்தோம். இவ்வளவு நாள் விழுங்கியதைக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு வாசல்ல நின்னியே. நான் வந்து ஒன்னைக் கூட்டிட்டுப் போவேன்னு நின்னியா, வந்து கழத்திக் குடுப்பேன்னு நின்னியா?"

அவள் தீப்பெட்டித் தாளில் பசை தடவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. இரண்டு பெட்டி முடிந்தது.

"மூணரை பஸ்ஸ விட்டா ஆறரைக்குத்தான். கெளம்புங்கம்மா."

எழுந்தேன். முந்தின நாள் மழையில் பாதை முழுக்கச் சேறு. கரிசல் ஒட்டி ஒட்டிச் செருப்பு கனத்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். பாதி தூரம் வந்த பிறகுதான், இளைப்பு எப்படி இருக்கிறது என்று கேட்காமல் வந்துவிட்டது நினைவுக்கு வந்தது.