ஏழாம் வாய்பாடு

எனக்கு ஏழாம் வாய்பாடு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். எட்டாம் வாய்பாட்டில் இன்றும் தடுமாறுவேன். அதற்குக் காரணம் பள்ளிக்கூடம் இல்லை, அப்பாவின் கால்.

நாங்கள் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, கூடலூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியேறி நான்கு வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம் செடி கவ்வாத்து வெட்டும்போது அப்பா சரிவில் உருண்டு இடது கால் எலும்பை முறித்துக்கொண்டார். இரண்டு மாதம் மாவுக்கட்டோடு படுக்கை. கட்டைப் பிரித்த பிறகும் கால் வீங்கியே இருந்தது, தொட்டால் சுட்டது. ஊட்டிக்குக் கூட்டிப் போனார்கள். படுத்தே கிடந்ததால் காலில் இரத்தம் கெட்டியாகி உறைந்துவிட்டது என்று அங்கே டாக்டர் சொன்னாராம். மேலும் உறையாமலிருக்க ஒரு சின்ன மாத்திரை கொடுத்து, தினமும் நடக்க வேண்டும், படுத்தே கிடக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். எனக்கு இதை விளக்க அப்பா அடுப்பிலிருந்த கஞ்சியைக் காட்டினார். இறக்கி வைத்தால் ஆடை கட்டும், கிண்டிக்கொண்டே இருந்தால் கட்டாது, அவ்வளவுதான் என்றார். ஒன்பது வயதுக்கு அந்த வைத்தியம் போதுமானதாக இருந்தது.

மாத்திரையில் தொல்லை இல்லை, நடைதான் சிக்கல். அப்பா இன்னும் மெடிக்கல் லீவில் இருந்தார். அந்தக் காலை வைத்துக்கொண்டு சரிவில் நின்று வேலை செய்ய முடியாது. இலங்கையில் ஒருமுறை பெரியப்பா காய்ச்சல் லீவில் கடைக்கு நடந்து போனதைக் கங்காணி பார்த்துவிட்டு, நடக்கிறவனுக்கு என்ன நோய் என்று பேரையே வெட்டிவிட்டாராம். பேர் போனால் வேலையோடு லயமும் போகும். அம்மா அந்தப் பயத்தைச் சட்டி பானையோடு கடல் தாண்டிக் கொண்டுவந்திருந்தாள். இந்தத் தோட்டத்தில் அப்படி ஒரு சட்டம் உண்டா என்று யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்டாலே சந்தேகம் வந்துவிடும் என்பது அவள் கட்சி.

ஆகவே அப்பா ஒளிந்து நடந்தார். மாலையில் நான் பள்ளி விட்டு வந்ததும் லயத்துக்குப் பின்னால் அவர் நடை தொடங்கும். பாதை வளைவில் நான் காவல். ஃபீல்டு ஆபீசரின் ஜீப் வந்தால் நான் ஏழாம் வாய்பாட்டை உரக்கச் சொல்ல வேண்டும். அப்பா உள்ளே போய்க் கம்பளியைப் போர்த்திப் படுத்துக்கொள்வார். அந்த வழியாகப் போன அக்காமார், படிப்பென்றால் இதுவல்லவா படிப்பு என்று வீட்டுக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளை மொத்தினார்கள்.

ஆடி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் நடந்துவிட்டு வந்த அப்பாவின் கணுக்காலில் அட்டை கடித்திருந்தது. அட்டைக்கடி எங்களுக்குப் புதிதில்லை. சுண்ணாம்பை அப்பினால் சற்று நேரத்தில் இரத்தம் நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. இரண்டு துணி நனைந்து, வேட்டி நனைந்து, விளக்கு வைக்கும்வரை ஒழுகியது. அம்மா மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“இரத்தத்தத் தண்ணியாக்கிப் போட்டுச்சுங்க இது. இந்தக் குளிருக்குத் தண்ணி இரத்தம் தாங்குமா?”

“சரி, இனிமே பாதி மாத்திரை போடுறேன். மிச்சப் பாதிக்கு நான் நடந்துக்கிறேன்,” என்றார் அப்பா.

டாக்டரைக் கேட்டிருக்கலாம். ஊட்டி ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. அம்மாவுக்கு அப்பா சொன்ன ஏற்பாடு நியாயமாகத்தான் பட்டது.

இப்படியாக அரை மாத்திரையின் வேலை என் காவலை நம்பி இருந்தது. எனக்கோ குளிர். கோணிச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பேன், கால் விரல்கள் மரத்துப்போகும். ஒருநாள் தாங்க முடியாமல், ஜீப் வராமலே வாய்பாட்டைத் தொடங்கினேன். அப்பா உள்ளே போனார், நானும் பின்னாலேயே ஓடினேன். இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். மழை பலத்த நாட்களில் மூவேழ் இருபத்தொன்று வரைக்கும்கூடப் போக வேண்டியிருக்கவில்லை. அப்பா கம்பளியைத் தூக்குவார், நான் புகுந்துகொள்வேன். என் பாதங்களைத் தன் கைகளுக்குள் வைத்துச் சூடேறும்வரை தேய்த்துவிடுவார், அன்றைய நடை அத்தோடு முடிந்துவிடும். காவல் காத்துக் களைத்தவள்போல நான் பெருமூச்சு வேறு விடுவேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மொத்தம் பதினோரு நாள். எண்ணிக்கையில் மட்டும் நான் நேர்மையானவள்.

பதினோராம் நாளுக்கு மறுநாள் காலை, முகம் கழுவப் போன அப்பா தண்ணீர்க் குழாயடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூச்சு எட்டவில்லை. தோட்டத்து லாரியில் ஏற்றினார்கள். கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. காலில் உறைந்திருந்தது பிரிந்து நுரையீரலுக்குப் போயிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். அன்று மாலை ஃபீல்டு ஆபீசர் வந்தார். தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிய சீட்டு ஆபீசில் இருக்கிறதே, மனுஷன் நடக்கவே இல்லையா என்று கேட்டார். லீவுக்காக நாங்களே கொண்டுபோய்க் கொடுத்த சீட்டு அது. ஆங்கிலத்தில் இருந்ததால் எங்கள் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அந்தப் பதினோரு நாளை நான் இருபது வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாலை என் மகள் ஏழாம் வாய்பாட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அம்மா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அறைவாள் என்றுதான் நினைத்தேன். பின்னிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

“அவருக்குத் தெரியாதா புள்ள? வளைவு தாண்டி ஜீப்பு மேடு ஏறுனா லயம் பூராக் கேக்குமே, கேக்கலயே. பொய் சொல்றா, நீங்க ஏன் படுக்கிறீங்கன்னு நான் ஏசுவேன். ‘மழையில நிக்குது, காலு வெறச்சுப் போகுது, நான் உள்ள வந்தாத்தானே அதுவும் வரும்’பாரு.”

ஜீப்புக்குப் பயந்துதான் அப்பா கம்பளிக்குள் போகிறார் என்று நான் நம்பியிருந்தேன். என் காலைத் தேய்த்த அந்தக் கைகளில் அவசரமே இருந்ததில்லை. ஜீப் வந்துவிட்டதா என்று அவர் ஒருநாள்கூட வாசல் பக்கம் பார்த்ததும் இல்லை. பக்கத்திலேயே படுத்திருந்த எனக்கு அது அப்போது புரியவில்லை.