ஆசீர்வாதம் சாரும் அந்தப் பெரிய ஃபேனும்

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. நம் தொழிற்சாலை வாட்ச்மேன் மாரிமுத்து சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு, "அக்கா, ஆசீர்வாதம் சார் காத்தால பூட்டாரு. சாயங்காலம் எடுக்கறாங்களாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்குச் சொல்லப் போய்விட்டான். பொறுக்கிய காயை அப்படியே கூடையில் கொட்டிவிட்டு நடந்தேன். கடைக்காரர் பின்னால் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை.

முடிச்சூர் சாலையில் அவர் வீட்டு முன்னால் ஒரு சின்னப் பந்தல் போட்டிருந்தார்கள். சர்ச் ஆட்கள் வந்திருந்தார்கள், அக்கம்பக்கத்தார் வந்திருந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். "அந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்" என்று ஒரு கூட்டம். "அவரால்தானே எல்லப்பன் போனான்" என்று இன்னொரு கூட்டம். இத்தனை வருஷமாக இரண்டு பேச்சையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நம் ஊழியர் மன்றத்து ஆண்டு மலருக்கு நல்ல வார்த்தையாக நாலு வரி கேட்டார்கள். நாலு வரியில் எழுத எனக்கு வராது. இரண்டு கூட்டமும் உட்கார்ந்து படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பெருங்களத்தூர் தாண்டி இருக்கும் நம் வார்ப்படத் தொழிற்சாலையில் அவர் பராமரிப்பு இன்ஜினியர். சுற்றுகிற இயந்திரம் எது, அது எவ்வளவு அதிர்கிறது, எதனால் அதிர்கிறது என்று பார்ப்பது அவர் பொறுப்பு. சீமையிலிருந்து வந்த அதிர்வு மீட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. ரேடியோப் பெட்டி மாதிரி இருக்கும். ஒயரின் நுனியிலுள்ள கம்பியை பேரிங் மேல் அழுத்தினால் முள் நகரும். எங்கே அழுத்த வேண்டும் என்று ஒவ்வொரு பேரிங் மேலும் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு வைத்திருப்பார். யாராவது அந்த வட்டத்தைத் துடைத்துவிட்டால் அன்றைக்கு வீடு இரண்டாகும். நான் அப்போது ஸ்டெனோ. இப்போதும் அதேதான்.

செத்துப்போனார் என்பதற்காக அவரைத் தங்கம் என்று எழுத மாட்டேன். சிடுமூஞ்சி. இங்கிலீஷில் எழுத்துப்பிழை இல்லாமல் ஒரு வரி எழுத வராது, ஆனால் நான் அடித்த கடிதத்தில் குறை கண்டுபிடிப்பார். ஒரு சித்திரை மாதம் எங்கள் அறைக்குக் கடிதம் சொல்ல வந்தவர், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு சீலிங் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். அது தலையை ஆட்டிக்கொண்டே சுற்றும், எங்களுக்குப் பழகிப்போன விஷயம். மறுநாள் மேஜைமேல் ஏறிவிட்டார். ஓர் இறக்கையில் துண்டு ஈயத்தை ஒட்டுவது, ஓட்டிப் பார்ப்பது, நிறுத்துவது, பிய்த்து அடுத்த இறக்கையில் ஒட்டுவது. நாள் முழுக்க இதே வேலை. நாங்கள் வேர்த்து விறுவிறுத்துப் போய், சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு குத்துமதிப்பாக ஒட்டிவிட்டு இறங்கக் கூடாதா என்று கேட்டேன். "எந்த இறக்கை கனம்னு ஃபேனைத்தான் கேக்கணும் லலிதா. நாமளா முடிவு பண்ணிட்டா அப்புறம் அது சொல்றது காதுல விழாது" என்றார். சாயங்காலம் ஃபேன் ஆடாமல் ஓடியது. அதற்குள் எங்களுக்கு வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது.

மீட்டரைப் பற்றியும் ஒன்று சொல்வார். "இது எவ்வளவு ஆடுதுன்னுதான் சொல்லும். ஏன் ஆடுதுன்னு இதுக்குத் தெரியாது." ஒர்க்ஸ் மேனேஜருக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. அவருக்கு முள் எங்கே நிற்கிறது என்பது மட்டும் போதும்.

இனி பெரிய ஃபேனுக்கு வருகிறேன். ஷெட்டுக்குள் கிளம்பும் புகையையும் மண் தூசியையும் இழுத்து வெளியே தள்ளுகிற ஃபேன் அது. ஆள் உயரத்தைவிடப் பெரிய இறக்கைச் சக்கரம், அதைத் தாங்குகிற இரும்புத் தண்டு. ஷெட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த அறையில் ஓடும். அதற்கு எண்ணெய் விட்டுக் கவனித்துக்கொள்கிறவன் எல்லப்பன். முடிச்சூர்க்காரன், வாய் ஓயாதவன், எல்லாரையும் சிரிக்க வைப்பவன். ஆசீர்வாதம் சாரையே சிரிக்க வைத்தவன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் சில வாரங்களாகவே ஃபேனின் அதிர்வு ஏறிக்கொண்டே வந்தது. நிறுத்திப் பிரிக்க வேண்டும், தண்டை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் துடைத்துச் சுண்ணாம்பு பூசி விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சார் கேட்டார். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் சுண்ணாம்பில் கோடாக ஊறி வெளியே தெரியுமாம். ஆர்டர் தலைக்குமேல் கிடக்கிறது, பூஜை விடுமுறையோடு பார்க்கலாம் என்றார் மேனேஜர்.

பூஜைக்கு முதல் நாள் ஃபேனை நிறுத்தினார்கள். எல்லப்பனும் இன்னும் இரண்டு பேரும் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே இறங்கி, இறக்கைகளில் அப்பிக் கெட்டிப்பட்டிருந்த தூசியைச் சுத்தியலால் தட்டிச் சுரண்டி எடுத்தார்கள். கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மோட்டாருக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். பூஜை முடிந்து ஃபேனை ஓட்டியபோது மீட்டர் முள் எழுந்திருக்கவே இல்லை. புது மெஷின் மாதிரி ஓடியது. எல்லப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "நாங்க குளிப்பாட்டி வுட்டோம் சாரே, ஒடம்பு சரியாப் பூட்ச்சி" என்று பொரிப் பொட்டலத்தை சார் கையில் திணித்தான். தூசி ஒரு பக்கமாகச் சேர்ந்து கனத்துப்போனதுதான் காரணம் என்று சாருக்கும் நிச்சயமாகிவிட்டது. தண்டைப் பிரிக்க வேண்டிய அவசியமில்லை என்று அன்றைக்கே எனக்குக் கடிதம் சொன்னார். மேனேஜர் வாயெல்லாம் பல்லாக அதை வாங்கிக்கொண்டார்.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயம். காலை டீ வந்திருந்தது. பின்பக்கமிருந்து ஒரு சத்தம். அதை எழுத எனக்கு வார்த்தை வரவில்லை, எழுதவும் விருப்பமில்லை. அதன் பிறகு எங்கும் ஓசையே இல்லை. நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்த ஃபேன் இரைச்சல் நின்றுபோனதால் காது அடைத்ததுபோல் இருந்தது. ஓடினோம். தண்டு முறிந்து, சக்கரம் இரும்பு உறையைக் கிழித்துக்கொண்டு, சுவரையும் இடித்துக்கொண்டு வெளியே வந்து மழையில் கிடந்தது. எல்லப்பன் எண்ணெய் விடப் போயிருந்தான். அவனை வேட்டியால் மூடித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எல்லாரும் அவன் பின்னால் ஓடினார்கள். ஆசீர்வாதம் சார் ஓடவில்லை. முறிந்த தண்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் போய்விட்டான், இவருக்கு இரும்புதான் பெரிதா என்று நினைத்தேன். கிட்டே போனால் வாய்க்குள் எல்லப்பன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நிர்வாகம் ஒரு கதையைத் தயாராக வைத்திருந்தது: பூஜைக்காகச் சுத்தம் செய்தபோது எல்லப்பன் சுத்தியலால் ஓங்கி அடித்ததில் தண்டு கெட்டுப்போனது, அவனே தேடிக்கொண்ட சாவு. அப்படி முடிந்தால் அவன் மனைவி கன்னியம்மாளுக்கு வேலை கொடுக்க வேண்டியதில்லை. அவள் தினமும் கைக்குழந்தையோடு வந்து விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொல்வாள்: "செத்தவன் மேல பழிய போடாதீங்கய்யா."

சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முதல் நாள் மேனேஜர் ஆசீர்வாதம் சாரைக் கூப்பிட்டார். குறிப்பெடுக்க வந்த நான் அங்கேயே இருந்தேன், என்னை யாரும் ஓர் ஆளாக மதிக்கவில்லை. பொய் எதுவும் சொல்ல வேண்டாம், பூஜைக்குப் பிறகு அளந்தபோது அதிர்வு குறைவாக இருந்தது என்ற உண்மையை மட்டும் சொன்னால் போதும், விரிசல் பேச்சையே எடுக்க வேண்டாம் என்றார் மேனேஜர். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றும் விசாரித்தார். சார் எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "பூஜைக்குப் பிறகு அதிர்வு குறைந்தது. அது உண்மை. ஆனால் அன்றைக்கு அளந்து முடித்து ஃபேனை நிறுத்தும்போது, வேகம் இறங்கி வருகிற வழியில், ஓர் இடத்தில் ஒரு குலுக்கல் வந்து போயிற்று. அது முன்பு இல்லாதது. தண்டில் விரிசல் இருந்தால் அப்படி வரும் என்று எனக்குத் தெரியும். தூசிதான் காரணம் என்று முடிவு கட்டியிருந்தேன், அதனால் அதை விட்டுவிட்டேன். தண்டு முறிந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். முக்கால்வாசி கறுத்துப் பழசாகக் கிடக்கிறது, ஓரத்தில் மட்டும்தான் புது முறிவு. அது பல மாத விரிசல். எல்லப்பன் சுத்தியல் எடுத்தது அதற்கு வெகுநாள் கழித்து. பிரிக்க வேண்டாம் என்று சொன்னவன் நான்."

அந்தக் குலுக்கலை வேறு யாராவது பார்த்தார்களா என்று அதிகாரி கேட்டார். யாரும் இல்லை என்றார் சார். நீங்கள் சொல்லாவிட்டால் என்று அதிகாரி ஆரம்பித்தார்.

"யாருக்கும் தெரிந்திருக்காது" என்றார் ஆசீர்வாதம் சார்.

அதையும் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டேன். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

பழி எல்லப்பன் மேல் விழவில்லை. கன்னியம்மாளுக்குக் கேன்டீனில் வேலை கிடைத்தது. சாரிடமிருந்து மீட்டரைப் பிடுங்கி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, அவரை ஸ்டோருக்கு அனுப்பினார்கள். அங்கே ஆணியும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே மிச்ச வருஷங்களைக் கழித்தார். முதலில் ஓர் இன்ஜினியர்கூட அவரோடு பேசவில்லை. பிறகு தொழிற்சங்கத்து ஆட்களும் பேசவில்லை. கொன்றவன் என்று அவர் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. அதில் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது, பெயர் போட்டால் மலர்க் குழு எடுத்துவிடும். எனக்கு வயிறு எரியும். போய் நாலு வார்த்தை திருப்பிக் கேளுங்கள் என்று ஒருமுறை சண்டை போட்டேன். "அவங்க சொல்றதுல தப்பு என்ன இருக்கு லலிதா?" என்றார்.

அவரை எடுத்த அன்று சாயங்காலம் பெட்டியை வண்டியில் ஏற்றும்போதுதான் கவனித்தேன், சாலைக்கு எதிர்ப்பக்கம் கன்னியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருப்பாள்போல, சேலையில் ஈரம் காயவில்லை. போய்ப் பக்கத்தில் நின்றேன். உள்ளே வா என்று கூப்பிட்டேன். வர மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். பிறகு அவளாகவே பேசினாள்.

"ஒரு தபா எங்க வூட்டுக்கு வந்தாருக்கா. விசாரண முடிஞ்ச மறுநாளு. வாசல்ல நின்னுகினு, 'என்னாலதாம்மா'ன்னாரு. நெசத்த சொல்லிட்ட, சரி, ஆனா இனிமே எம் மூஞ்சில முழிக்காதன்னுட்டேன்." மூக்கைச் சிந்தினாள். "அன்னிலேர்ந்து முழிக்கவே இல்ல. கேன்டீன் பக்கம் தல வச்சிக்கூட படுக்கல. காத்தால பஸ் ஸ்டாப்புல நான் நின்னுகினு இருந்தா அந்தாண்ட ஓரமா திரும்பி நின்னுக்குவாரு. நான் ஏறுற பஸ்ல ஏற மாட்டாரு. மழை கொட்டினாலும் அடுத்த பஸ்தான். இத்தினி வருசமும்."

இது எனக்குத் தெரியாது. உங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. வாய் சும்மா இருக்காமல் நான் கேட்டுவிட்டேன், இப்போதாவது மனசு இறங்கிற்றா, மன்னித்துவிட்டாயா என்று.

"இல்லக்கா" என்றாள். வண்டி கிளம்பி முடிச்சூர் சாலையில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரும் கேக்கல."

ஆசீர்வாதம் சாரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான், அவர் யாரிடமும் கேட்காமல் விட்ட அந்த மன்னிப்பை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.