ஒரே தகடு, ஆறு படம்: மயிலாப்பூரில் ஒரு பிரெஞ்சுக்காரர்

போன சனிக்கிழமை மாப்பிள்ளை சேகரைத் தள்ளிக்கொண்டு மயிலாப்பூரில் ஒரு படக் கண்காட்சிக்குப் போனேன். சேகர் என் தங்கச்சி புருஷன். தி.நகரில் எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர். அவர் மகள் பவித்ராவுக்கு ஓவியக் கல்லூரியில் அச்சுப்படம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேரவேண்டும். அப்பன் மசியவில்லை. "தாய்மாமன் நீதான் பேசணும்" என்று தங்கச்சி என்னைப் பிடித்துக்கொண்டாள். பேசினால் சண்டை வரும், காட்டிவிடலாம் என்று கிளம்பினேன்.

பாண்டி பஜாரில் ஆட்டோ பிடித்தோம். மீட்டர் போடுவீங்களா என்றேன். "இன்னா நைனா, காலையிலயே ஜோக்கா?" என்றார் டிரைவர். நூற்றைம்பது சொல்லி நூற்றிருபதுக்கு வந்தார். நாலு கிலோமீட்டர்தான், லஸ் பக்கம் மெட்ரோ வேலை நடப்பதால் அரைமணி ஆனது. அனுமதி இலவசம். செருப்பைக் கழற்றத் தேவையில்லை. சேகர் கழற்றிவிட்டார்.

படங்களைப் போட்டவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர். பேர் என் வாயில் நுழையவில்லை. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கோடு போட்டு, அமிலத்தில் நனைத்தால் கோடு குழியுமாம். அதில் மை நிரப்பிக் காகிதத்தை அழுத்தினால் படம். கதைப் புத்தகங்களுக்கு இப்படித்தான் போட்டிருக்கிறார். மழையில் நிற்கும் குதிரை ஒன்று, வெறும் கோடுதான். பார்த்தால் துண்டெடுத்துத் துவட்டத் தோன்றும்!

ஒரு சுவரில் ஆறு படம். ஆறிலும் துணி துவைக்கிற அதே பெண்.

"இன்னா மச்சான், ஒரே படம் ஆறு தபா கீது? வேற சரக்கு இல்லியா?" என்றார் சேகர்.

கண்காட்சியைப் பார்த்துக்கொள்ளும் பெண் சிரித்தார். "கிட்டப் போய்ப் பாருங்க சார்."

முதல் படத்தில் அவள் கை கோணல். அடுத்ததில் கையைச் சுரண்டிவிட்டு மறுபடி போட்டிருக்கிறார். மூன்றாவது வரை பக்கத்தில் நின்ற ஆளை நாலாவதில் காணோம். எல்லாம் ஒரே தகடு. தப்பான இடத்தைச் சுரண்டி, பின்பக்கம் தட்டி மட்டமாக்கி, திரும்பவும் முதலிலிருந்து. ஆறாவதில் அந்தக் கை ஈரத்துணியை முறுக்குகிறது, நமக்குத் தோள் வலிக்கிறது.

சேகர் கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்றார். அவர் தொழிலில் ஓர் எழுத்து தப்பினால் பாத்திரமே அவர் தலையில்தான்.

"கோணக் கையையும் மறைக்காம வச்சிருந்தாரு பாரேன்," என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம், "இதுல அவருக்குச் சோறு கெடச்சுதா மேடம்?"

"கெடச்சுது சார். பணக்காரர்லாம் ஆகல. அவங்கப்பா பூட்டு செய்றவரு, இது வேணாம்னுதான் சொன்னாராம். ஆனா கடைசி வரைக்கும் கையில வேலை இருந்துச்சு."

கூட்டிச் சொல்லாத அந்தப் பதில்தான் சேகரைப் பிடித்தது என்று நினைக்கிறேன். போகிறவர்கள் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அந்தச் சுவரை அவசரமாகத் தாண்டாதீர்கள். விளக்கமெல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது, கேட்டால் தமிழில் சொல்கிறார்கள்.

வாசலுக்கு வந்ததும் சேகர் போன் போட்டார்.

"பவி, திங்கக்கெழம எத்தினி மணிக்குப் போணும்? ஏய், அழுவாத. அப்பா கூட வரேன். ஆனா ஒண்ணு, மொதல்ல கோணலாத்தான் வரும். கிழிச்சுப் போட்றாத. எடுத்தாந்து எனக்குக் காட்டு."