தோகுஜியின் யோஷி

தோகுஜி கேஸ் அடுப்பின் குமிழை மூடிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து நிற்பார். வலது கையை நேராக நீட்டி, சுட்டுவிரலை அடுப்புக்கு நேரே பிடித்து, "யோஷி!" என்பார். சரியாக இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். ஆனால் அவர் வாயிலிருந்து வரும்போது அதற்கு ஒரு நீதிபதியின் தோரணை சேர்ந்துவிடும். அடுத்தது மண்ணெண்ணெய் ஸ்டவ். யோஷி. பின்கதவு. யோஷி. மனைவியின் கழுத்தைச் சுற்றிய கம்பளித்துணி. யோஷி. மான் வேட்டைக்குப் புறப்பட்டு, வாசலில் வண்டியின் என்ஜினை ஓடவிட்டு, குளிரில் பல் கிட்டிக் காத்திருக்கும் என்னைப் பார்த்து, ஆரஞ்சுச் சட்டை யோஷி, ஆரஞ்சுத் தொப்பி யோஷி என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் நிறுத்துவார்.

"தொப்பிக்கு உள்ள என்ன இருக்குன்னுதான் தெரியல முராய். பாக்காததுக்கு நான் யோஷி சொல்றதில்ல."

நகாயா தோகுஜிக்கு எழுபத்தைந்து வயது. தலை நரைக்கும்வரை எங்கள் கிழக்கு ஹொக்காய்டோ பக்கத்தில் ரயில் ஓட்டியவர். சிக்னலைப் பார், விரலை நீட்டு, வாய்விட்டுச் சொல், பிறகு வண்டியை எடு. இது ரயில்வேயில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். மற்றவர்கள் சீருடையோடு சேர்த்து அதையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். இவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"கொண்டுவரதென்ன, எப்பவுமே வீட்டுலதான் இருந்துச்சு" என்பாள் ஹிசாயே அண்ணி. "கல்யாணத்தன்னிக்கு என்னைக் கொண்டாந்து பக்கத்துல நிறுத்துறாங்க. இவரு சட்டுனு விரல நீட்டி 'யோஷி'ங்கறாரு. மூஞ்சியக்கூட நிமிந்து பாக்கல. அன்னிக்கே ஓடியிருக்கணும் நானு."

"பாத்தேன்" என்பார் தோகுஜி, தேநீர்க் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு.

"கிழிச்சீங்க. காலைப் பாத்தீங்க."

இந்த வழக்கு அவர்கள் வீட்டில் ஐம்பது வருஷத்தை நெருங்குகிறது. தீர்ப்பு வந்த பாடில்லை.

மான் பருவத்தில் ஞாயிறுதோறும் நாங்கள் நால்வர் மலைக்குப் போவோம். தோகுஜி, ஹிசாயே அண்ணி, மர அறுவை மில் வைத்திருக்கும் ஷோஜி, டயர்க் கடை வைத்திருக்கும் நான். புல்வெளிகளை மான்கூட்டம் மொட்டையடித்துவிடுவதால் பால்பண்ணைக்காரர்களே எங்களை வாருங்கள் வாருங்கள் என்பார்கள். நால்வரில் குறி தப்பாதவள் அண்ணிதான். ஷோஜி அதிகம் சுடுகிறவன், நான் அதிகம் தின்கிறவன். தோகுஜி அதிகம் சுடாதவர். ஆனால் அவர் சொல்லாமல் எங்கள் குழுவில் ஒரு துப்பாக்கியும் உறையை விட்டு வெளியே வராது, உறைக்குள்ளும் போகாது.

அவருடையது பழைய போல்ட் ரைஃபிள். வால்நட் மரக்கட்டையில், அவர் கன்னம் படும் இடம் மட்டும் கறுத்து மின்னும். அதை இயக்குவது அவரைப் பொறுத்தவரை கதவின் தாழ்ப்பாளைத் திறந்து மூடுவதுதான். போல்ட்டின் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் கதவு திறக்கும். முன்னால் தள்ளினால் கீழே அடுக்கில் இருக்கிற தோட்டாவில் ஒன்று குழலின் அறைக்குள் போய் உட்காரும். கைப்பிடியைக் கீழே இறக்கினால் பூட்டிவிடும். "தூக்கு, இழு, தள்ளு, இறக்கு. அவ்வளவுதான். குரங்கு கூடச் செய்யும். கதவ எப்ப திறந்து வைக்கணும்கறதுக்குத்தான் மனுஷன் வேணும்" என்பார். நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை போல்ட் திறந்தே இருக்கவேண்டும், தோட்டா சட்டைப்பையில் இருக்கவேண்டும். விரல் விசைக்கு வெளியே, கட்டையோடு ஒட்டி நீண்டு இருக்கவேண்டும். குழலின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரிந்திருக்கவேண்டும். ஷோஜி பேச்சு சுவாரசியத்தில் குழலை லேசாகத் திருப்பிவிட்டால் போதும்.

"டேய், அது வாய மூடு மொதல்ல. உன் வாயை அப்புறம் பாத்துக்கலாம்."

வீட்டிலும் அப்படித்தான். ரைஃபிள் ஒரு இரும்பு அலமாரியில், தோட்டா வேறொன்றில், கழற்றிய போல்ட் வேறெங்கோ ஒரு பூட்டுக்குள். மூன்றையும் ஒரே இடத்தில் தூங்கவிடக்கூடாது, சேர்ந்து படுத்தால் வம்பு பேசும் என்பது அவர் கொள்கை.

ஒருமுறை முகட்டின் மேல் ஒரு கிழட்டு ஆண்மான் வந்து நின்றது. கொம்பு அப்படியொரு கொம்பு. வானத்தின் மேல் கோடு போட்டு வரைந்தமாதிரி நின்றது. ஷோஜிக்கு எச்சில் ஊறிவிட்டது.

"அண்ணே, அடிங்கண்ணே! நிக்குதுண்ணே!"

தோகுஜி துப்பாக்கியின் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார். "அதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"ஆகாசம்."

"ஆகாசம் தோட்டாவைப் பிடிச்சு வச்சுக்குமா? அந்தப் பக்கம் இறங்கிப்போய் யார் வீட்டுச் சோத்துல விழும்னு சொல்லு, அடிக்கறேன்."

மான் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிதானமாக அந்தப் பக்கம் இறங்கிப்போயிற்று. அதன் கொம்பைப் பற்றி ஷோஜி இன்றுவரை புலம்புகிறான். தோகுஜி அவனுக்கு ஒரு கேரமல் மிட்டாய் கொடுத்தார். சட்டையின் வலது பையில் கேரமல், இடது பையில் தோட்டா. இதுவும் மாறவே மாறாது.

இவ்வளவுக்கும் மேலே இருப்பது மாலையில் நடக்கும் சடங்கு. வண்டி நிற்கும் இடத்துக்குத் திரும்பியதும் அடுக்கிலுள்ள தோட்டாக்களை எடுத்துவிட்டு, போல்ட்டைத் திறந்து, குழலை மலைச்சரிவின் பக்கம் வைத்து, கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றுவார். உள்ளே பார்ப்பார். அந்தி நேரத்துக் கண்ணை நம்பமாட்டார் என்பதால் சுண்டுவிரலையும் உள்ளே விட்டுத் தடவுவார். இரும்பு அந்தக் குளிரில் தோலைப் பிடித்து இழுக்கும். பிறகு நீட்டிய விரல், யோஷி. அதன்பின் அடுத்தவரிடம் காட்டவேண்டும். அவரும் பார்த்து, விரலை நீட்டி, யோஷி சொல்லவேண்டும். இரண்டு யோஷி விழாத துப்பாக்கிக்கு வண்டியில் இடம் கிடையாது. இதைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஒரு மனிதன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளலாம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஏமாறமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு, சோறு தின்ற பிறகு ஷோஜி கேரமலுக்குக் கை நீட்டினான். தோகுஜி ஒரு தோட்டாவை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "இதச் சப்பினா சீக்கிரம் கரையாதுண்ணே" என்றான் ஷோஜி. தோகுஜியும் சிரித்தார். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அவர் சட்டைப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பிற்பகல் லார்ச் மரக்காட்டின் ஓரத்தில் ஒரு பெண்மான் தோகுஜிக்கு நேராக வந்தது. அவர் தோட்டாவை ஏற்றிக் காத்திருந்தார். பக்கத்தில் குட்டி ஒட்டிக்கொண்டு நின்றதால் சுடவில்லை. இரண்டும் மூங்கில்புல்லுக்குள் மறைந்தன. வண்டிக்குத் திரும்பினோம். அவர் வழக்கம்போல் குழலைச் சரிவின் பக்கம் வைத்து நின்றார். கை போல்ட்டின் பக்கம் போயிற்று. கண் மட்டும் அந்த மான்கள் போன திசையிலேயே இருந்தது.

"யோஷி!" என்றார், விரலை நீட்டி.

அன்று இரண்டாவது யோஷி ஷோஜியுடையது. அவன் தன் பூட்ஸிலிருந்து பனியை உதறிக்கொண்டே விரலை நீட்டினான். "யோஷி!"

துப்பாக்கி உறைக்குள் போகவேண்டிய நேரம். அண்ணியின் குரல் கேட்டது.

"ஏங்க. போல்ட்ட நீங்க திறக்கவே இல்லையே."

தோகுஜி குனிந்து தன் கையில் இருப்பதைப் பார்த்தார். போல்ட் மூடியபடி இருந்தது. குழலின் வாய் மட்டும், பாவம், அதன் கடமையைச் செய்துகொண்டு பனிச்சரிவையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கைப்பிடியைத் தூக்கி மெல்லப் பின்னால் இழுத்தார். அறையிலிருந்து ஒரு தோட்டா துள்ளி வெளியே வந்து பனிக்குள் புதைந்தது.

ஆயிரமாயிரம் தடவை சொன்ன வாய், கண்ணுக்காகக் காத்திருக்கவில்லை. முந்திக்கொண்டுவிட்டது. கேட்டவன் வாயும் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது. இரண்டு யோஷியும் விழுந்தாயிற்று, பார்த்தவர் மட்டும் யாருமில்லை.

மிச்சத் தோட்டாக்களை எடுத்துத் துப்பாக்கியை உறையிலிட்ட பிறகு, மண்டியிட்டு வெறுங்கையால் பனியைத் தோண்டினார் தோகுஜி. ஷோஜி அழுதுவிடுவான் போலிருந்தது. "அண்ணே, ஒண்ணும் ஆகலையேண்ணே. நாலு பேருக்குள்ள இருந்துட்டுப் போகட்டும். தப்பு எம்மேலதாண்ணே." அவர் தோட்டா கிடைக்கும்வரை தோண்டினார். கிடைத்ததும் இடது பையில் போட்டார், அது இடதுதானா என்று தொட்டுப் பார்த்தார். அந்தத் தொடுகைதான் எனக்குத் தாங்கவில்லை.

அதன்பின் பல நாள் அவர் யோஷி சொல்லவில்லை. அண்ணி என் கடைக்கு வந்து, வாங்காத டயர்களை விலை கேட்டாள். பிறகு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடுப்பு முன்னாடி போயி நிக்கறாரு முராய். விரல நீட்டறாரு. வாய் வரல. திரும்பத் திரும்பக் குமிழைத் தொட்டுப் பாக்கறாரு. வீடே ஊமையாக் கெடக்கு. அந்தச் சத்தத்த எத்தனை திட்டியிருப்பேன் நானு."

எழுபத்தைந்து ஆனால் துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்க ஞாபகசக்திப் பரிசோதனை உண்டு. அவருக்கு அது வசந்தத்தில் வரவிருந்தது. அவர் வசந்தம்வரை காத்திருக்கவில்லை. ஒரு காலையில் நன்றாக ஷேவ் செய்து, கோட்டு போட்டுக்கொண்டு, காவல்நிலையத்துக்குப் போய் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ரைஃபிளைத் துப்பாக்கிக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். நான் ஓடிப்போய்க் கேட்டேன், பரிசோதனையில் தேறிவிடுவீர்களே, எதற்கு அவசரம் என்று.

"தேறிடுவேன்டா. இன்னிக்கு என்ன கிழமை, நேத்து என்ன சாப்ட்டேன், எல்லாம் சொல்லிடுவேன். ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சே. சிக்னலப் பாக்காம வண்டிய எடுத்துட்டேன். அப்புறம் என்ன?"

அண்ணி உள்ளேயிருந்து வந்து தன் ஆரஞ்சுச் சட்டையை அவர் முன்னால் போட்டாள். "அப்ப என்னோடதையும் குடுத்துடுங்க. நீங்க இல்லாத மலையில எனக்கு என்ன வேலை?"

"நீ போகணும் ஹிசாயே. உன் குறிக்கு என்ன கேடு?"

"குறி இருக்கு. சாயங்காலம் யாரு பாத்துச் சொல்லுவா? இந்த முராயா? ஷோஜியா?" அவள் சட்டையை இன்னும் அவர் பக்கம் தள்ளினாள். "மூடுன போல்ட்டுக்கு யோஷி சொன்னானே, அந்தக் கழுதையா?"

"நானுந்தானே சொன்னேன்."

"நீங்க தப்புன்னு தெரிஞ்சதும் துப்பாக்கியையே குடுத்தவரு. உங்க கண்ணுதான் வேணும் எனக்கு. வேற யாரும் வேணாம்."

அவர் அந்தச் சட்டையை எடுத்து, மடித்து, அவளிடமே கொடுத்தார்.

இந்தப் பருவத்தில் மறுபடியும் நால்வராகத்தான் போகிறோம். துப்பாக்கி மூன்று. தோகுஜி முதுகில் வெந்நீர்க் குடுவையும் சால்மன் மீன் வைத்த சோற்றுருண்டைகளும் சுமந்து வருவார். வலது பையில் கேரமல் இருக்கிறது. இடது பையை அண்ணி தைத்து மூடிவிட்டாள். உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பது சட்டம். அதனால் யார் துப்பாக்கி அருகில் வந்தாலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அடுப்புக்கு யோஷி திரும்பிவிட்டது. ஆனால் முன்போல் வெடுக்கென்று வருவதில்லை.

போன ஞாயிறு அண்ணி ஒரு நல்ல மானை அடித்தாள். அதை வண்டியில் ஏற்றி முடிக்கும்போது வெளிச்சம் இறங்கத் தொடங்கியிருந்தது. அவள் போல்ட்டைத் திறந்து, பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவி, யோஷி சொன்னாள். பிறகு குழலைச் சரிவின் பக்கம் வைத்தபடியே அவர் பார்க்கத் தோதாக அறையைத் திருப்பினாள்.

தோகுஜி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். மூக்குக்கண்ணாடியில் மூச்சின் ஆவி படர்ந்தது. நிமிர்ந்து, அதைத் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். அடுக்கைப் பார்த்தார். அறையைப் பார்த்தார். திரும்ப அடுக்கைப் பார்த்தார். எங்கள் கால்விரல்கள் மரத்துப்போயின. ஷோஜி மெல்ல எட்டி வண்டியின் என்ஜினை அணைத்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை.

முதுகுக்குப் பின்னாலிருந்து வலது கை வெளியே வந்தது. விரல் திறந்த அறைக்கு நேரே நின்றது. அதற்கும் பிறகுதான், "யோஷி" என்றார், தாழ்ந்த குரலில்.

அண்ணி துப்பாக்கியை உறையில் வைத்துப் பூட்டினாள். நிமிர்ந்தபோது அவர் விரல் இன்னும் கீழே இறங்கியிருக்கவில்லை. அது மெல்ல மேலே வந்து, குளிரில் சிவந்துபோன அவள் மூக்குக்கு நேரே நின்றது.

"இந்தத் தடவையாவது பாத்துச் சொல்லுங்க" என்றாள் ஹிசாயே.

விரலை நீட்டியபடி அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.